எஸ்தர் டீச்சர் பெயரால்

போன சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மௌனிகாவின் பெயரை மைக்கில் வாசித்தார்கள். பத்து முப்பத்தொன்பது வரை நான் நல்லவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் என் மகள் ஒன்பதாவது படிக்கும் பள்ளியில் விழா. பள்ளியைத் தொடங்கிய எஸ்தர் டீச்சரின் நினைவு நாள். மேடையில் அவர் படத்துக்குப் பெரிய மாலை. கீழே மேஜையில் புதுச் சீருடைகள், பளபளக்கும் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி. இலவச இடத்தில் படிக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைப்பார்கள், இந்த வருடம்தான் புதிதாக. ஏறிவந்து, நன்கொடையாளர் கையால் வாங்கிக்கொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். சிரிக்காத ஒரு சின்னப் பையனைத் திரும்ப ஏறச் சொன்னார்கள்.

மௌனிகா என் மகளின் உயிர்த்தோழி. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவள் இலவச இடத்தில் படிப்பது என் மகளுக்குத் தெரியாது. பெயரைக் கேட்டதும் மௌனிகா எழுந்து நின்றாள். மேடையைப் பார்த்தாள். அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி, வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். மைக்கில் அடுத்த பெயரை வாசித்தார்கள்.

எனக்கு முன்னால் யாரோ ஒரு தாய் பொட்டலத்தைப் பிரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்தது. அந்த வாசனையை ஒரு காலத்தில் ஆசையாக முகர்ந்திருக்கிறேன், இதே வளாகத்தில்.

அப்போது இங்கே இரண்டு ஓட்டுக் கட்டடங்கள்தான். எஸ்தர் டீச்சர் பாளையங்கோட்டைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்றில் லோத்குண்டா வரை போய், வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார். இரண்டு பேராகவும் உட்காரவைப்பார், போலீஸ்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். ஊரை விட்டு வந்து எத்தனை வருடம் ஆகியும் அவர் தமிழ் மாறவில்லை. தெலுங்கும் அதே ராகத்தில்தான் பேசுவார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்போம். தையல்காரர் அளவெடுப்பார். பத்து நாள் கழித்து எல்லாச் சீருடைகளும் ஒரே நாளில், ஒரே மாதிரிப் பழுப்புத் தாளில், பென்சிலால் பெயர் எழுதி வரும். யாருடையதற்குப் பெற்றோர் கொடுத்தார்கள், யாருடையதற்கு டீச்சர் கொடுத்தார் என்று தையல்காரருக்கே தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. பெற்றோரிடம் டீச்சர் போட்ட ஒரே நிபந்தனை அது, பிள்ளையிடம் சொல்லக் கூடாது.

நன்கொடை தர வந்த ஒருவர் பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டும் என்றபோது டீச்சர் வகுப்பு வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "படம் எடுக்கணும்னா ஒங்க வீட்டுப் பிள்ளைய எடுத்துக்கிடுங்க சார்." அவர் போய்விட்டார், திரும்ப வரவில்லை. அந்த வருடம் எங்கள் வகுப்புக்குப் புதுப் பெஞ்சு வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கோ யார் இலவசம் என்று கண்டுபிடிப்பதில் அலாதி ஆர்வம். கமலா என்று ஒருத்தி. தலையில் எண்ணெய் வழிகிறது என்ற ஒரே ஆதாரத்தை வைத்து அவள்தான் என்று தீர்ப்பு எழுதி, என் புளிப்பு மிட்டாயில் அவளுக்குப் பங்கு கொடுக்காமல் விட்டேன். ஏழாவதில் ஒருநாள் சுவரேறிப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றபோது டீச்சர், "ஏட்டி, இப்படிக் கிழிச்சிட்டு வந்து நிக்கியே, ஒங்கம்மைக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியா?" என்றார். அவ்வளவுதான்.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார். ஆறாவதும் ஏழாவதும் நான் படித்தபோது அவர் தொழிற்சாலையில் இடைநீக்கத்தில் இருந்தாராம். அந்த இரண்டு வருடச் சீருடையும் டீச்சர் தந்தது. முப்பது வயதுக்குப் பக்கத்தில் கேட்டதால் சிரித்துக்கொண்டே கேட்டேன். பன்னிரண்டு வயதில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

இதெல்லாம் தெரிந்தவள்தான் பெற்றோர் குழுவில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். அலுவலகக் கோப்பைக் கொடுத்தார்கள், அகர வரிசையில் போடச் சொன்னார்கள். மேடைக்கு அழைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது நானும் தலையாட்டினேன், நன்கொடையாளர் சந்தோஷப்படுவாராம். மௌனிகாவின் பெயர் வந்ததும் ஒரு நொடி நின்றேன். அப்போது தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதியே பயனில்லை. "அட, இவளுமா" என்று தோன்றியது. லேசான ஒரு திருப்திகூட. கமலாவைக் கண்டுபிடித்த அதே திருப்தி. அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

மௌனிகாவைத் தேடிக் கிளம்பியபோது என் மகள் கூட வர மறுத்தாள். "மம்மி, லிஸ்ட் நீங்கதானே டைப் பண்ணீங்க? யூ நியூ, நா?" என்றாள். பாதியாவது தமிழில் அவள் என்னிடம் பேசி மாதக்கணக்காகியிருந்தது. ஸ்கூட்டியை எடுத்தேன். பஸ் நிறுத்தம், பூங்கா, லோத்குண்டாவில் அவர்கள் வீடு. பூட்டியிருந்தது. அவள் அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தையல்காரர் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அங்கேயும் நின்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்குத் திரும்பினேன். விருந்தாளிகள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்துவிட்டன, கைதட்டும் பொம்மைகளோடு. என் உழைப்புக்கு நன்றி என்று ஒரு செய்தி. பிள்ளை ஒன்றைக் காணவில்லை என்று முதல்வரிடம் சொன்னேன். வீட்டுக்குப் போயிருப்பாள், சாப்பிட்டீர்களா என்றார். வாங்குகிற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் கொடுத்த ஒரு மனுஷியின் படத்தைச் சுற்றி இதெல்லாம் நடந்தது. கொடுப்பதில் இருந்த அந்தக் கூச்சம் இந்த வளாகத்தில் எப்போது செத்தது என்று தெரியவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

ஒரு மணிக்கு மௌனிகாவின் அம்மா பாக்கியா வந்தாள். உப்பலில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சீருடைப் புடவையோடு அப்படியே வந்திருந்தாள். மௌனிகா பஸ் பிடித்து அவளிடம் போய்விட்டாளாம். நர்ஸ்கள் அறையில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"நக்கோ அக்கா, அதெல்லாம் வேணாம்," என்றாள். சத்தம் போடவில்லை. "மார்க்கு பார்த்துதான் இந்த ஸ்கூல்ல எடம் குடுத்தாங்கன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். அந்த எடம் போயிடக் கூடாதுன்னுதான் வருசா வருசம் ஃபர்ஸ்ட் வந்துட்டிருந்தா. இப்ப கேக்குறா, கைக்கு, எதுக்கு படிக்கணும், படிக்காட்டியும் பாவம் பாத்துக் குடுப்பாங்கல்லன்னு. எனக்கு சொல்லத் தெரியல. நீங்க படிச்சவங்க. வந்து சொல்லுங்க."