கால் பட்டால்

நாவலூரில் டாங்கோ கற்றபோது, கூட ஆடுபவர் மேல் கால் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "இது டான்ஸ்மா, கோயில் இல்ல!" என்று மாஸ்டர் கத்துவார். கை கேட்டால்தானே!

அந்த ஆட்டத்துக்காகவே வேலையை விட்டுவிட்டு டாங்கோ பிறந்த புவனோஸ் அயர்ஸில் குடியேறினேன். அங்கே கால்கள் உரசுவதுதான் ஆட்டம். பழக்கம் போய்விட்டது.

அப்பா தவறியதும் அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஹாலில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடச் சுற்றி வந்தபோது என் கால் அவர் சில்லிட்ட பாதத்தில் பட்டது. நான் பாட்டுக்கு நடந்தேன்.

"ஏன்டி, அப்பா மேல கால் பட்டுச்சே, தொட்டுக்கலையா?" என்றாள் அம்மா.

புவனோஸ் அயர்ஸ் திரும்பி மறுபடி ஆடுகிறேன். யார் கால் பட்டாலும் சில்லென்றிருக்கிறது. குனியப் போகிறேன். அணைத்திருப்பவர் விடுவதில்லை.