அணைச்சாச்சா என்று கேட்பவள்

1.7.2012 – ரூ. 3,600
1.4.2014 – ரூ. 4,200
1.4.2016 – ரூ. 4,800
1.4.2017 – ரூ. 0

இது ராசம்மாளின் மாதச் சம்பளம். கடைசி வரியில் இருக்கும் பூஜ்யம், அவள் வேலையைக் கெடுத்ததால் விழுந்ததல்ல. ஒழுங்காகச் செய்ததால் விழுந்தது.

நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு கூலிக்காரத் தெருவில் 1962இல் பிறந்தவள் அவள். பதினோரு வயதில் நடவில் இறங்கினாள். புருஷன் இறந்தபின் 1996இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினாள். அந்த அனுபவத்தை நம்பித்தான் ஒரு தொண்டு அறக்கட்டளை அவளை ஹஃப்ஸாவுக்குத் துணையாக வைத்தது.

ஹஃப்ஸாவும் மனவளர்ச்சி குன்றியவள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. வாப்பா முன்பே காலமாகிவிட்டார். உம்மா ஜன்னத் பீவி 2011இல் போய்ச் சேர்ந்தார். தம்பி ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மிஞ்சியது நன்னிலத்து வீடு. "எங்க வூட்டுலதான் இருப்பேன்" என்று ஹஃப்ஸா ஒரே பிடியாக நின்றாள். அறக்கட்டளை அதற்கு ஒத்துக்கொண்டது. அவள் வீட்டில் அவள் இருப்பாள். காலையும் மாலையும் மும்மூன்று மணி நேரம் துணைக்கு ஆள் வரும். அதற்கான பணத்தை மேலே ஓர் அலுவலகம் கொடுத்தது.

நடவுக்காரி முன்னால் நகர்ந்து நாற்று நடுவதில்லை, பின்னுக்கு நகர்ந்துதான் நடுவாள். ராசம்மாள் டீ போடுவதையும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். முதலில் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, கடைசி வேலையான டம்ளரில் ஊற்றுவதை மட்டும் ஹஃப்ஸாவிடம் விட்டாள். அது கைக்கு வந்ததும் வடிகட்டுவது. அப்புறம் சர்க்கரை, அப்புறம் தூள், அப்புறம் பால். கடைசியாக அடுப்பைப் பற்றவைப்பது. அதற்கு மட்டும் பதினோரு மாதம். மொத்தம் நாலு வருஷம் பிடித்தது. ஒன்று மட்டும் வரவே இல்லை. டம்ளரைக் கையில் எடுத்துவிட்டால் ஹஃப்ஸாவுக்கு அடுப்பு மறந்துபோகும். "அணைச்சாச்சா?" என்று யாராவது கேட்க வேண்டும். கேட்டால் உடனே திரும்பிப் போய் அணைப்பாள்.

14.2.2017 அன்று மேல் அலுவலகத்திலிருந்து ரெங்கசாமி என்பவர் மதிப்பீட்டுக்கு வந்தார். ஹஃப்ஸா டீ போட்டாள். வந்தவர் முன்னால் சத்தம் போடுவது மரியாதையில்லை என்று ராசம்மாள் அடுப்படி வாசலில் நின்று கையைத் திருகிக் காட்டினாள். ஹஃப்ஸா போய் அணைத்தாள். கூடத்தில் இருந்தவருக்கு அது தெரியவில்லை.

"யாரும்மா போட்டது?"

"எல்லாம் அவளேதான் சார். நான் தொடவே இல்ல" என்றாள் ராசம்மாள். நாலு வருஷப் பெருமை அவளை அப்படிச் சொல்ல வைத்தது.

27.3.2017 அன்று உத்தரவு வந்தது. 'பயனாளி தேநீர் தானே தயாரிக்கிறார். துணை தேவையில்லை. சமாளிக்க இயலாவிடில் இல்லத்தில் சேர்க்கலாம்.' இல்லம் என்றால் இவளைப் போன்றவர்களை வைத்திருக்கும் காப்பகம், தஞ்சாவூருக்கு வெளியே இருந்தது. அறுபது பேர். பூட்டு வெளிப்பக்கம். அடுப்படிக்குள் யாரையும் விடுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் பேப்பர் படித்தால், பார்வை வந்துவிட்டது என்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா? இங்கே பிடுங்கினார்கள்.

ராசம்மாள் பஸ் ஏறி அலுவலகத்துக்கே போனாள்.

"டீ போடத் தெரியுதில்லம்மா, அப்புறம் என்ன?" என்றார் ரெங்கசாமி.

"அடுப்ப அணைக்கச் சொன்னது யாருன்னு கேட்டீங்களா சார்?"

"அது ஃபார்ம்ல இல்லீங்க."

10.4, 8.5, 19.6, 31.7, 11.9 ஆகிய தேதிகளில் ஐந்து மனுக்கள் கொடுத்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதுவரை சம்பளமில்லாமலே இரண்டு வேளையும் வந்துகொண்டிருந்தவள், அக்டோபரில் வேறு வழியில்லாமல் காலையில் நடவுக்குப் போனாள். 16.10.2017 காலை பாத்திரம் கருகிப் புகை கிளம்ப, பக்கத்து வீட்டு சாஜிதா ஓடிவந்து அணைத்தாள்.

அன்று மாலையே ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. "தீ கீ பிடிச்சா இங்கேருந்து நான் என்னக்கா செய்வேன்? இல்லத்துலயே விட்டுடலாம்" என்றான் ஜாஃபர்.

"உங்க லாத்தாவையே கேளுங்க தம்பி" என்று அக்காக்காரியிடமே போனை நீட்டினாள் ராசம்மாள்.

ஹஃப்ஸா போனை வாங்கினாள். "அங்க எனக்கு அடுப்பு குடுப்பாங்களா?"

போனை ராசம்மாளிடம் கொடுக்கச் சொன்னான். ஆபீஸ்காரரை வந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் ஆகாவிட்டால் ஜனவரிக் கடைசியில் லீவில் வந்து இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தான். தன் பங்குக்கு அவனும் ஒரு மனு அனுப்பினான். வெளிநாட்டுத் தபால்தலை வேலை செய்தது, மறுமதிப்பீட்டுக்கு 12.12.2017 என்று தேதி கொடுத்தார்கள்.

சாஜிதா ஒரு யோசனை சொன்னாள். "டீ கீ போடாதே, மரம் மாதிரி உக்காந்திருன்னு அவகிட்ட சொல்லிப்புடுங்க. காரியம் முடிஞ்சிரும்."

"அஞ்சு வருஷமா போடு போடுன்னேன். இப்ப எந்த வாயால போடாதேம்பேன்?"

சொல்லவில்லை. மறுமதிப்பீட்டு நாளன்று ராசம்மாள் அடுப்படிப் பக்கமே போகாமல், ரெங்கசாமிக்கு எதிரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கையைக் காட்டவில்லை. அணைச்சாச்சா என்று கேட்கவும் இல்லை. ஹஃப்ஸா தட்டில் மூன்று டம்ளருடன் வந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது.

"என்னமோ கருகுதே?"

"ஆமாங்க சார்."

"போய்ப் பாரும்மா."

"நீங்க பாருங்க சார். நான்தான் தேவையில்லன்னு எழுதிட்டீங்களே."

ரெங்கசாமி எழுந்து ஓடினார். திரும்பி வந்தவரிடம் ஹஃப்ஸா தட்டை நீட்டிக்கொண்டே, "டீ ஆறுது சார்" என்றாள். வாங்கிக் குடித்தார்.

கடைசிக் கடிதத்தை சாஜிதாதான் படித்தாள். 1.2.2018 முதல் துணை மீண்டும் உண்டு, மாதம் ரூ. 4,800. இடையில் போன பத்து மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'பயனாளி தேநீர் தயாரிக்க இயலாதவர்.'

தெரியும் என்றால் துணை கிடையாது. துணை வேண்டுமென்றால் ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே எழுத அவர்களுடைய ஃபாரத்தில் இடம் இல்லை.

"அந்த வரிய அவளுக்குப் படிச்சுக் காட்டாத" என்றாள் ராசம்மாள். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவள் இருந்த இடத்திலிருந்தே தெரு கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அணைச்சாச்சா?"

கடிதம் வந்து சேர்ந்த தேதி 19.1.2018. சம்பளம் தொடங்க இன்னும் பதிமூன்று நாள் இருந்தது.