அழிக்கச் சொன்ன ஊசி வரி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் நாசரேத்து வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் தூத்துக்குடியில் எங்கள் ஊசி நிலையத்தை இழுத்து மூடியிருப்பார்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ஒரு சந்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவரில் கை வைத்தால் நிலக்கரித் தூசி ஒட்டும். போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அங்கே புது ஊசி கொடுத்து, போட்ட ஊசியைத் திருப்பி வாங்குவோம். ஒருவர் போட்டதை அடுத்தவர் போட்டால் எச்ஐவியும் மஞ்சள்காமாலையும் சேர்ந்தே போகும். அதைத் தடுக்கத்தான் இவ்வளவும்.

"போதைக்கு நீங்களே ஊசி குடுக்கியளாம்லா?" என்று கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருநாள் கேட்டார்.

"ஆமா, குடுக்கோம். ஆராதனை முடியட்டும், ஏன்னு சொல்லுதேன்" என்றேன். ஆராதனை முடிந்ததும் ஆளைக் காணோம். கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் வேண்டியதில்லை என்பது இந்த வேலையில் நான் சீக்கிரமே படித்த பாடம்.

என் வேலை நிலையத்தில் இல்லை, ஆபீசில். ஊசி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஒரு எண் உண்டு. கம்ப்யூட்டரில் எண்ணுக்கு ஒரு வரி. எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பினார் என்று அதில் இருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் நிலையம் உருப்படியாக நடக்கிறதா என்று சென்னையில் முடிவு செய்வார்கள்.

ஒரு வருடம் கணக்கு ஏறுக்கு மாறாக இருந்தது. வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையும் திருப்பவில்லை. ஒரே ஒரு எண் மட்டும் வாங்கியது கொஞ்சம், திருப்பியது மலையளவு. சென்னையிலிருந்து மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆள் இவ்வளவு ஊசி போட முடியுமா மேடம்? யாரோ சும்மா என்ட்ரி போட்டிருக்காங்க. அந்த வரியை அழிச்சிட்டு ரிப்போர்ட் அனுப்புங்க."

அழித்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்த ஊசி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால் நிலையத்தை மூடிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பார்கள். விசைப்படகு ஆட்களும் லாரி கிளீனர்களும் வேலை விட்ட நேரத்தில் சந்துக்குள் தலையை நீட்டுவார்களே தவிர, ஊர் பார்க்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கமாட்டார்கள். பழையபடி ஆளுக்கு ஆள் ஊசியைக் கைமாற்றுவார்கள்.

யார் அந்த எண் என்று பார்க்க ஒரு மத்தியானம் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த எண்ணுக்குரியவன் விசைப்படகில் போகிற இளவட்டம். ஆனால் வந்தது அவனுடைய அக்கா. தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு வந்தாள். கூடைக்குள்ளிருந்து நாங்கள் கொடுத்த மூடி போட்ட ஊசி டப்பாவை எடுத்து வைத்தாள். நிரம்ப, பழைய ஊசிகள். தம்பியுடைய எண்தான் அவளுக்குத் தெரியும், அதையே சொன்னாள். நிலையத்தில் பதிவு போடுகிற எங்கள் பையனும் எல்லாவற்றையும் அந்த எண்ணிலேயே ஏற்றிவிட்டான்.

"எல்லார் ஊசியையும் நீங்க ஏன்க்கா சுமக்கிய?" என்று கேட்டேன்.

"ஏளா, பழைய ஊசிய வச்சிக்கிட்டு முக்கு திரும்புனா போலீசு நிப்பாட்டுதாவ. புதுசுன்னா மருந்துக்கடையில வாங்குனேங்கலாம், பழசுக்கு என்னத்தச் சொல்ல? அவனுவ மணல்ல போட்டுட்டுப் போயிருவானுவ. அங்கனதான் எம் பிள்ளைய வெறுங்காலோட ஓடுது. மீன் கூடைய எவன் தொறந்து பாப்பான்? நாத்தத்துக்கே தள்ளி நிப்பாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"எங்க மூத்த தம்பி இதுலதான் போனான். இங்கன நீங்க இருக்கதாலதான் சின்னவன் அடுத்தவன் ஊசியத் தொடாம இருக்கான். மூடிராதிய."

வசமாக மாட்டிக்கொண்டேன். கூடையைப் பற்றி எழுதினால் வரி பிழைக்கும். ஆனால் ரிப்போர்ட் பத்துக் கை மாறும். அடுத்த வாரமே முக்கில் அவள் கூடையைக் கவிழ்ப்பார்கள். எழுதாவிட்டால் வரி போகும், கூடவே நிலையமும் போகும். அவளிடமே கேட்டேன். "எழுதணும்னா எழுதுளா, மூடாம இருந்தாப் போதும்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிலையம் செய்யவேண்டிய வேலையைச் செய்ததும் அவள், அதற்கு மாட்டிக்கொள்ள வேண்டியதும் அவளா? எழுதமாட்டேன் என்று முடிவு செய்தேன். அழிக்கவும் மாட்டேன்.

படகுகள் போன பிறகு, காலை வெயிலில், நானும் நிலையத்து ஆட்களும் இடுக்கியோடு கிளம்பினோம். எந்தச் சந்தில் எவ்வளவு ஊசி கிடக்கிறது என்று படம் போட்டோம். அவள் நடமாடுகிற சந்துகளில் தேடினாலும் கிடைக்கவில்லை. அதைத் தாண்டி, லாரிகள் நிற்கிற பக்கம், கால் வைக்க முடியவில்லை. எனக்கு வேண்டிய சாட்சி தரையிலேயே கிடந்தது.

ஓட்டல் ஹாலில் ஆய்வுக் கூட்டம். திரையில் என் கணக்கு.

"அந்த வரி இன்னும் இருக்கே?" என்றார் மேலதிகாரி.

"இருக்கும் சார். உண்மையான வரி."

"யாரு அது?"

"சொல்லமாட்டேன்."

எடைச் சீட்டுகளை மேஜையில் வைத்தேன். "ஊசியை எரிக்க எடுத்துட்டுப் போற வண்டிக்காரர் எடை போட்டுத்தான் எடுக்கார். அந்த எடையும் இந்த வரியும் ஒத்துப்போகுது, பாருங்க. திரும்பி வந்த ஊசியை அழிச்சுட்டு, ஊசி திரும்பலைன்னு மூடுறது முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேலை சார். மத்தவங்க ஏன் திருப்பலன்னு கேளுங்க. பழைய ஊசியோட ரோட்டுல நடக்கப் பயம். அவங்க நம்மகிட்ட வரணும்னு ஏன் உக்காந்திருக்கோம்? பழைய ஊசி போடுற பெட்டி அவங்க இருக்கிற இடத்துக்குப் போகட்டும்."

"மேலதிகாரிகிட்ட பேசுறீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் உங்ககிட்ட பேசுறேன்."

சந்து சந்தாக ஊசி கிடந்ததைக் காட்டும் படத்தை அவர் முன்னால் விரித்தேன், விரலை ஓட்டிப் பார்த்தார். மனிதர் முரடர்தான், முட்டாள் அல்ல. சோதனையாகச் செய்து பாருங்கள் என்றார்.

பூட்டுப் போட்ட ஊசிப் பெட்டிகளை லாரிகள் நிற்கிற இடத்திலும், ஐஸ் கம்பெனிச் சுவரிலும், வலை காயப்போடுகிற பக்கத்திலும் மாட்டினோம். பெட்டியருகே வருகிறவர்களைப் போலீஸ் பிடிக்கக்கூடாது என்று மாவட்டக் கூட்டத்தில் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். கணக்கையும் மாற்றினோம்: ஆள்வாரியாகத் திருப்பியதைப் பார்ப்பதை விட்டு, பெட்டியில் விழுந்ததையும் தரையில் கிடந்ததையும் பார்த்தோம். பெட்டிகள் நிரம்பின. தரை காலியானது. நிலையம் நிலைத்தது. அந்தக் கூடைக்கு இனி வேலை இல்லை என்பதால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

தம்பிக்காரன் இப்போது ஊசிக்கு வருவதில்லை. போதை ஏக்கத்தைத் தணிக்க நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்கு வருகிறான், அதுவும் கடலுக்குப் போகுமுன் தானாகவே. அக்காளை அதன்பின் நான் நிலையத்தில் பார்க்கவில்லை.

அடுத்த கணக்கு போனதும் சென்னையிலிருந்து மெயில் வந்தது. அங்கே இன்னும் பழைய வரிகளைத்தான் பார்க்கிறார்கள். அதே எண். வாங்கியதும் இல்லை, திருப்பியதும் இல்லை. நிலையத்தின் செயல்பாட்டில் திடீர்ச் சரிவு, உடனே காரணம் தெரிவிக்கவும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு மறுபடியும் மூக்கு சிவந்தது. ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: ஆள் உயிரோடு இருக்கிறான்.