ஐம்பத்திரண்டாம் அளவு

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அக்காவின் பருமனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்காவே இன்றுவரை நம்பவில்லை.

நான் ஒல்லி. எந்த உடுப்பும் எனக்குக் கொள்ளும். அதனால் எனக்கென்று யாரும் எதையும் தேடியதில்லை. பாரிஸின் புறநகரான திரான்சியில் இருந்த பெரியப்பாவின் இளைய மகள் போட்டுக் கழித்ததெல்லாம் பை பையாகச் செவ்ரானுக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேரும். அம்மா ஒருமுறை தோய்த்து என் அலுமாரியில் அடுக்கிவிடுவார். அக்காவின் கதை வேறு. அவளுக்குப் பதினேழு வயது. ஒரு காற்சட்டை வாங்குவதென்றாலும் அவளுக்கு ஒரு சனிக்கிழமை முழுதாக வேண்டும். அம்மாவும் அவளும் முன்னே போவார்கள். நான் பின்னால் போவேன். கடைக்காரர்கள் பிரெஞ்சில் அவளுடைய அளவைக் கேட்பார்கள். அளவுக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் ‘தாய்’ என்றே விழும். என்னிடம் ஒருவரும் எந்தத் தாயையும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் பெரியப்பாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். காலையில் தேவாலயம், மதியம் திரான்சியில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. பெண்ணுக்கு நான்கு தோழிகள். அக்கா அதில் ஒருத்தி. நான்கு பேருக்கும் மயில்பச்சையில் நீளச் சட்டை என்று பெண்ணே தீர்மானித்திருந்தாள். எனக்கு வந்தது அவளுடைய தங்கை தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கியபோது போட்ட பழைய வெள்ளைச் சட்டை. கழுத்தைச் சுற்றியிருந்த பின்னல் பழுப்பேறிக் கிடந்தது. வெள்ளை வெள்ளைதானே என்றார் அம்மா.

சட்டைகள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருந்த ஒரு கடைக்கு வந்திறங்கின. மற்ற மூவருக்கும் பொருந்திவிட்டன. அக்காவின் சிப் முதுகின் பாதியில் நின்றுவிட்டது. கடைக்கார அம்மா நல்ல மனுஷி. இரண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைத்தால் ஒருவருக்கும் தெரியாது என்றார். துண்டு வைக்க அதே துணி இருக்கவில்லை. கிட்டத்தட்ட அதே நிறத்தில் வேறொன்று இருந்தது. எல்லாருக்கும் தெரியும் என்று அக்கா பிரெஞ்சில் சொன்னாள். அம்மா தமிழில் என்ன கேட்டாலும் அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இருந்த பெடியன் கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினான். நான் அந்த நேரம் எனக்கு ஒரு சோடிக் காப்பு கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார் அம்மா. ஐந்து கடை அவளுக்கு. எனக்கு ஒரு காப்புக்கூட இல்லை. அதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அம்மாவான பெரியம்மா தொலைபேசியில் வந்தார். பிள்ளை கஷ்டப்பட வேண்டாம், சாறி உடுத்திக்கொண்டு வாசலில் நின்று ஆட்களை வரவேற்கட்டும், அதுவும் பெரிய பொறுப்புத்தானே என்றார். அம்மா ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. தேடுதல் முடிந்தது, அடுத்த சனிக்கிழமை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் அடுத்த நாளே அக்கா கைத்தொலைபேசியுடன் குசினிக்குள் வந்தாள். பாரிஸின் பதினோராம் வட்டாரத்தில் ஒரு சின்னக் கடையைக் கண்டுபிடித்திருந்தாள். பருமனான பெண்களுக்கு மட்டுமே அங்கே தைப்பார்களாம். துணி, பெரிய தையல்வீடுகள் மிச்சம் விட்டது; அதில் மயில்பச்சையும் இருந்தது. கடையின் பின்னாலேயே தைக்கிறார்கள், தைக்கிறவர்களுக்கு ஒழுங்கான நேரமும் ஒழுங்கான சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அம்மா அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். உணவகக் குசினியில் வேலைசெய்து களைத்து வந்திருந்த அப்பா விலையைக் கேட்டுவிட்டு, லாச்சப்பலில் இதற்கு மூன்று சட்டை எடுக்கலாமே என்றார்.

“மூண்டு எடுத்து மூண்டும் பூட்டுப்படாட்டி என்ன செய்யிறது?” என்றார் அம்மா.



அந்தச் சனிக்கிழமையும் அக்காவுக்கே போயிற்று. கடையின் சொந்தக்காரி அக்காவைவிடப் பருமன். சிவப்பு உதட்டுச்சாயம் பூசி, உடம்போடு பொருந்திய மஞ்சள் உடையில் ஒரு மகாராணியைப் போல நின்றாள். அக்காவை அவள் மேலும் கீழும் பார்க்கவில்லை. கைகுலுக்கி, என்ன விழா, யார் பெண், நடனம் உண்டா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்தாள். தோள், கை, மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து, வாய்விட்டுச் சொல்லாமல் கொப்பியில் எழுதினாள். அக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. சொந்தக்காரி கொப்பியின் அடியில் 52 என்று எழுதி வட்டமிட்டதை நான் ஒரு முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் அளக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு நாடாவுடன் வந்தாள். அதற்குள் அம்மா, இவளுக்குத் தேவையில்லை என்று தடுத்துவிட்டார். நாடா திரும்பிப் போய்விட்டது. அக்காவை அந்தக் கணத்தில் வெறுத்தேன்.

அம்மா தொங்கிக்கொண்டிருந்த உடை ஒன்றை உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவினார். தன் அரைகுறைப் பிரெஞ்சில், தைக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். சொந்தக்காரி பின்கதவைத் திறந்து காட்டினாள். நாலைந்து பெண்கள் இயந்திரங்களில் இருந்தார்கள். ஒருத்தி ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அம்மா பிரான்சுக்கு வந்த புதிதில், விசா இல்லாத காலத்தில், ஒரு நிலவறையில் இருந்து சட்டைக் கழுத்துகள் தைத்தவர் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். அன்று அவர் அந்தப் பின்கதவின் வாசலிலேயே நெடுநேரம் நின்றார்.

“ஜன்னல் இருக்கு,” என்று தமிழில் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்தன்று அக்கா மறுபடி தோழிகளில் ஒருத்தியாக அந்த மயில்பச்சையில் தேவாலயத்துக்குள் நடந்தபோது எல்லாத் தலையும் திரும்பியது. மற்ற மூன்று சட்டைகளும் கடைச் சட்டைகளாகத் தெரிந்தன. இவளுடையது இவளுக்காகவே பிறந்தது மாதிரி இருந்தது. தோளில் இழுபடவில்லை, கையில் இறுகவில்லை. முன்பெல்லாம் படம் எடுக்க யாராவது வந்தால் அக்கா என்னைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்வாள். அன்று என்னைத் தேடவே இல்லை.

மண்டபத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். லண்டனில் இருந்து வந்த மாமி ஒருவர் அக்காவின் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பிள்ளை நல்லா மெலிஞ்சிட்டாய். என்ன செய்தனி?” என்று கேட்டார். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அக்கா சிரித்தாள். பழுப்புப் பின்னல் கழுத்தை அரிக்க, நான் பக்கத்தில் நின்றேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“மெலியேல்லை,” என்றேன். “அது ஐம்பத்திரண்டு. லாச்சப்பலிலை ஒரு கடையிலையும் அவவுக்குக் கொள்ளேல்லை.”

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தது கேட்டது. மாமியின் கை அக்காவின் இடுப்பிலிருந்து விலகியது. அக்காவின் காதோரம் சிவந்துகொண்டு வருவதைப் பார்த்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழ வேண்டும் என்றும் நினைத்தேன்.

“ஓம் மாமி, ஐம்பத்திரண்டுதான்,” என்றாள் அக்கா, தமிழில். “அளவெடுத்துத் தைச்சது.”

அவ்வளவுதான். தைத்த கடை எங்கே என்று யாரோ கேட்டார்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அம்மா என் தோளைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் போனார். அந்தப் பிடி வலித்தது. அங்கிருந்து பார்த்தபோது, கேக் மேசைக்குப் பின்னால் பெரியம்மா அக்காவைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. அக்காவைச் சாறி உடுத்தச் சொன்ன அதே பெரியம்மா. அவரும் அக்காவின் பருமன்தான். அவர்கள் எட்ட நின்றாலும் பெரியம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

“என்ரை வயசுக்கும் தைப்பினமோ?”

அக்கா கைத்தொலைபேசியை எடுத்துக் கடையின் படத்தைக் காட்டினாள். நான் அவமானப்படுத்தப் போக, அவளுக்குப் பெரியம்மாவும் கிடைத்துவிட்டார். என் பொறாமை இன்னும் ஒரு மடங்கு பெருத்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா அறைக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். அம்மாவை அல்ல, என்னை. அடி விழப்போகிறது என்று தயாராகிக்கொண்டு போனேன். அவள் முதுகைத் திருப்பி, சிப்பை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். எங்கும் சிக்காமல் ஒரே இழுவையில் இறங்கியது. சட்டையை என் கையில் தந்துவிட்டு உள்ளாடையோடு கண்ணாடியின் முன்னால் நின்றாள். கைகளை உயர்த்தினாள், ஒரு பக்கம் திரும்பினாள், மறுபக்கம் திரும்பினாள்.

“பார், ஒரு அடையாளமும் இல்லை,” என்றாள்.

நான் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கறியோ வைனோ பட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒரு துளியாவது பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கித்தான் தேடினேன். எதுவும் இல்லை. இல்லை என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் இடுப்பைச் சுற்றி, தோள்மூட்டைச் சுற்றி, இறுகிய உடுப்புகள் எப்போதும் சிவந்த தடம் விடும் இடங்களை, விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே நின்றாள். அவள் சட்டையைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.