லாயத்துக்குள் நின்ற பாப்பம்மா

கோப்பிக் கொட்டை நல்ல விலை போன காலம். கண்டிக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். துரைமார் குதிரைப் பந்தயம் விடுகிற மைதானத்தில் பாப்பம்மா புல் வெட்டினாள். குடியிருப்பு ஊரோரத்து மஹய்யாவயில். யாரையும் லேசில் நம்பமாட்டாள். கடையில் உப்பு வாங்கினாலும் நக்கிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி மருந்தை முதலில் கோழிக்கு ஊற்றுவாள். கோழி மறுநாளும் நடமாடினால்தான் தான் குடிப்பாள். சந்தேகக்காரி என்று எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த மைதானத்தில் புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் மூக்கையா அங்கேயே தரையை அமுக்கும் உருளை இழுத்தான். ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்புவான். பெண்டாட்டியை மட்டும் நம்பமாட்டான்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம் தனியாக நின்றது. அதனடியில் கல் நட்டு, ஆளுயரச் சூலம் ஊன்றி, முனியாண்டி என்று கும்பிட்டார்கள். இடி முழங்கினால் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். மரத்தில் உச்சியிலிருந்து வேர்வரை பட்டை உரிந்த தடம் ஒன்று இருந்தது. போன ஐப்பசியில், ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இடிமழையில் வந்த தடம். சாமி இறங்கிய வழி என்று, ஆள்களை வேலை வாங்கும் கங்காணி கறுப்பையா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்.

"ஒரு தடவ இந்த வழியா எறங்குன சாமி, மறுபடி எறங்க வேற வழி தேடுமா, கங்காணி ஐயா?" என்று பாப்பம்மா கேட்டாள். கங்காணி அவளை அன்று முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்.

இன்னொன்றும் அவள் கண்ணை உறுத்தியது. வானம் கறுத்தால் துரை முதலில் குதிரைகளைத்தான் கல்லுக் கட்டிய லாயத்துக்குள் ஏற்றச் சொல்வார். ஒன்றைக்கூட மரத்தடியில் கட்ட விட்டதில்லை. மரம் அத்தனை காவல் என்றால் குதிரைக்கு மட்டும் ஏன் ஆகாது? மனுஷனுக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா?

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் திரும்பியதும் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் மரத்தடிக்கு ஓட, பாப்பம்மா கத்தியைப் புல்லிலே எறிந்துவிட்டு லாயத்துக்குள் நுழைந்தாள். குதிரைக்காரன் பளீல் பதறினான்.

"ஆள்கள உள்ளுக்கு எடுத்தா துரை ஏசுவாரு!"

"உசுரோட இருந்தாத்தானே ஏச்சு வாங்கலாம்?"

வாசலில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் சூலத்தைப் பிடித்தபடி, போடி என்று கையை வீசினான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை. அவன் எதற்கு ஓடி வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க அங்கயே சாமி கும்பிடுங்க! இங்க நானும் பளீலும் மட்டுந்தான் இருக்கோம்!" என்று கத்திவிட்டுக் கதவைப் பாதி சாத்தினாள்.

"அல்லாஹ்வே, என்னத்தப் பேசுறீங்க!" என்று பளீல் குதிரைக்குப் பின்னால் ஒளிந்தான்.

மூக்கையா ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தான். சண்டை பார்க்க ஆசையில்லாத சனம் எங்கே இருக்கிறது? மரத்தடியில் நின்ற எட்டுப் பேரும் பின்னால் ஓடி வந்தார்கள். சண்டையை விலக்க என்று கங்காணியும் வந்தார். அவர் உள்ளே கால் வைத்ததும் மரத்தில் இடி விழுந்தது. காது அடைத்தது, மரம் பாதியாகப் பிளந்தது. சூலம் கறுத்துப்போயிற்று. பாப்பம்மா புருஷனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுவாரமே கங்காணி மிச்சப் பாதி மரத்துக்கு மஞ்சள் பூசினார். முனியாண்டிதான் பாப்பம்மா நாக்கில் வந்து எல்லோரையும் காப்பாற்றினாராம். இடி முழங்கினால் சனம் பழையபடி அங்கே ஓடியது. மூக்கையா மட்டும் போகவில்லை. முதல் முழக்கத்துக்கே லாயத்துக்கு வந்து, பெண்டாட்டிக்கும் பளீலுக்கும் நடுவில் நின்றுகொள்வான்.

"ஒனக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்லேன்னா சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. நம்பிடுறேன்" என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்டான்.

சுத்தமான மனசோடு அவள் செய்திருக்கலாம். செய்தால் அவன் நிச்சயம் நம்பிவிடுவான். நிம்மதியாக மரத்தடிக்குப் போய்விடுவான்.

பாப்பம்மா கடைசிவரை சத்தியம் பண்ணவில்லை.