வாய்க்கால் இருந்த இடம்

கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரின் வயலோரத்தில், பக்கத்து வீட்டு ராத்தா தன் மகளுக்கு ஒரு வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கல்யாணமில்லை. அதற்காக ஒன்பது வருடம் சவூதியில் அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைத்தார். கட்டி முடித்த வருட மாரியிலேயே வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பேசாமல் போனார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். வயல் வெள்ளம் வடிந்தோடும் வாய்க்காலைக் கட்டட உடைசல் போட்டு நிரப்பி, அதன்மேல் ஒரு ஹாஜியார் கல்யாண மண்டபம் எழுப்பிக்கொண்டிருந்தார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரே என்னைக் கூட்டிப்போய்க் காலால் தட்டிக் காட்டினார். "இந்தா, இதாலதான் வாய்க்கால் போன. நான் கண்ணால கண்டது. எழுதுங்க சேர்."

நான் பள்ளிக்கூட வாத்தியார். பேஸ்புக்கில் எழுதும் வியாதியும் உண்டு. விடுவேனா? பெயரோடும் படத்தோடும் எழுதினேன். "மாஷா அல்லாஹ், துணிச்சலான பதிவு" என்று ஊரே பாராட்டியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

பத்தாம் நாள் பதிவுத் தபாலில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. ஹாஜியாரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்துவிட்டேனாம். பதினான்கு நாளுக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் மானநஷ்ட வழக்கு. அவர்கள் கேட்ட நட்டஈட்டை என் சம்பளத்தில் கொடுத்துத் தீர்க்க இரண்டு ஆயுள் வேண்டும்.

கல்முனையில் நான் தேடிப்போன சட்டத்தரணி நல்ல மனிதர். "நீங்க எழுதினது உண்மையா இருக்கலாம் சேர். அத நிரூபிக்கிற பாரம் உங்கட தலையிலதான். எத்தின வருஷம் கோட்டுக்கு நடப்பீங்க? சாட்சிக்கு ஆரு வருவாங்க?" என்றார்.

வட்டவிதானையாரிடம் ஓடினேன். "கதைக்கிறது வேற சேர், கோட்டுல ஏறுறது வேற. என்ட மகன் ஹாஜியார்ட வயலத்தான் செய்றான்," என்று கையை விரித்தார். ஊர் முழுக்கக் கதைத்தால் அதுவே சாட்சி என்று நம்பிய மடையன் நான். பாராட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாராட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒரே பேச்சில் முடித்தாள். "இது எங்கட வாப்பா எனக்குத் தந்த ஊடு. உங்கட எழுத்துக்காக இத விட ஏலா."

மன்னிப்பை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவ்விடத்தில் வாய்க்கால் எதுவும் இருந்ததில்லை, நான் எழுதியது முற்றிலும் உண்மைக்குப் புறம்பானது, இனி ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டேன். பொய் எழுதினாய் என்று என்மேல் பாய்ந்த சட்டம், கடைசியில் என்னிடம் எழுதி வாங்கியது ஒரு பொய். கையெழுத்திட்டபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. பதிவை அழித்தால் போதும், மன்னிப்பை வெளியிடத் தேவையில்லை என்று ஹாஜியார் பெருந்தன்மை காட்டினார். அந்தப் பெருந்தன்மை எதற்கென்று நான் யோசிக்கவில்லை. ராத்தாவிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன் ராத்தா அரச அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார். "நீங்க வந்து சொன்னாப் போதும் தம்பி. படிச்ச ஆக்கள்ற கதைய எடுப்பாங்க." எப்படி மறுப்பதென்று தெரியாமல் போனேன். என்னைக் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

வாய்க்கால் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டார். ராத்தா என்னைக் காட்டினார். ஹாஜியாரின் சட்டத்தரணி ஒரு கோவையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். அதிகாரி அதை உரத்து வாசித்தார்.

ராத்தா எழுந்துபோய்த் தாளை வாங்கி அடியில் பார்த்தார்.

"இது உங்கட கையெழுத்தா தம்பி?"

"ஓம் ராத்தா."

"அப்ப அந்த இடத்தில வாய்க்கால் இருக்கல்லயா?"

சட்டத்தரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கல்ல ராத்தா," என்றேன்.