உப்புநீர்ச் சொட்டு

கிருமி வளரும் கண்ணாடிக் குழாயின் வாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, பஞ்சடைப்பைச் சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டதும் மிக்கேல் மூச்சை நிறுத்திவிடுவார். கிருமியைத் தொட்டெடுக்கும் கம்பி உள்ளே போய் வந்து, பஞ்சு திரும்ப ஏறும்வரை மூச்சில்லை. மூச்சுப் பட்டால் வேறு கிருமி விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஏலாக்குறிச்சிக்காரர். வயது ஐம்பத்திரண்டு. அரியலூரில், நோய் கண்ட மீன்களைச் சோதிக்கும் எங்கள் ஒற்றையறை ஆய்வுக்கூடத்தின் அட்டெண்டர். எந்த ஏரி மீனிலிருந்து எடுத்ததோ அந்த ஊர்ப் பெயராலேயே கிருமியை அழைப்பார். "திருமானூரான் ரெண்டே நாள்ல குழாய் பூரா படர்ந்துட்டான். வாலிகண்டபுரத்தான் சோம்பேறி" என்பார். வேதக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை கறி விலக்கு, மீன் ஆகும்; இவர் மீனும் தொடுவதில்லை. ஏனென்று கேட்டால், "உள்ள பாத்துட்டனே தம்பி" என்று கத்தரிக்காய்ச் சோற்றைப் பிசைவார்.

வாலிகண்டபுரத்துக் கிருமி என் அப்பா பிரித்தெடுத்தது. 1944இல் அந்த ஏரியில் கெண்டைகள் சிவந்த புண்ணோடு மிதந்தன. லேபிளில் அப்பாவின் கையெழுத்து. அவர் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவர் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன்.

இந்த ஐப்பசியில் திருமானூர்ப் பக்கத்து ஏரியிலும் மீன் செத்தது. அதில் மீன்குஞ்சு விட்டவர் பெரியசாமி. குஞ்சுகள் வாலிகண்டபுரத்திலிருந்து வந்தவை. நோயும் அவற்றோடு வந்ததென்று ஊரார் அவர் வலைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஏரிக் கிருமியும் அப்பாவின் கிருமியும் ஒன்றா என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஆமென்றால் அவர் இனி எந்த ஏரியிலும் இறங்க முடியாது. வாசலில் காத்திருந்தார்.

சோதனை எளியது. திருமானூர்க் கிருமியை ஊசியில் ஏற்றிய முயலின் இரத்தத்திலிருந்து தெளிநீர் எடுத்திருந்தோம். அதே இனக் கிருமி அதில் பட்டால் பால்போல் திரியும்; வேறு இனம் திரியாது. கண்ணாடித் தகட்டில் தெளிநீர் ஒரு சொட்டு விட்டு அப்பாவின் கிருமியைக் கலந்தேன். திரிந்தது. "ஒன்றே" என்று எழுதினேன்.

மிக்கேல் தகட்டின் மறுமுனையில் வெறும் உப்புநீர் ஒரு சொட்டு வைத்தார். நான் மறந்திருந்தேன், அவர் ஒருநாளும் அதை விட்டதில்லை. அதிலும் அப்பாவின் கிருமியைக் கலந்தார். அதுவும் திரிந்தது.

வெறும் உப்புநீரிலேயே திரியும் கிருமி எதற்கும் சாட்சியாகாது. எழுதியதை அடித்தேன். கிருமியை மாதம் ஒருமுறை புது உணவிட்ட குழாய்க்கு மாற்றினால் போதும்; அடிக்கடி மாற்றினால் சில இப்படிக் கெடும். எத்தனை முறை மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அய்யா போனதுலேருந்து ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அவரு வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். பட்டினி போட மனசு வரல தம்பி."

மிக்கேல் வாசலுக்குப் போய்ப் பெரியசாமியிடம் பேசியது கேட்டது.

"உங்க மேல ஒண்ணும் நிரூபணம் ஆவலைங்க. பழைய கிருமியைக் கெடுத்தது நானு. எழுதித் தர்றோம், வலையைக் கேளுங்க."

"அப்ப எங் குஞ்சு நல்ல குஞ்சுன்னே எழுதிடலாமுல்ல?"

"அதுவும் தெரியாதுங்களே."

திரும்பி வந்து அப்பாவின் குழாயைப் பார்த்தார். "இது இருந்தா நாளைக்கு யாராச்சும் நம்பிருவாங்க. அவிச்சிரலாம் தம்பி."

அடுப்பை மூட்டினார். பானையில் ஆவி கிளம்பியதும் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் குழாயை உள்ளே வைக்கும்வரை, சுவரைப் பார்த்து நின்றார்.